அட்டையில் ஒரு கிட்டார்

(கோவையில் இசை அன்பர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.)



கிட்டாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். இன்று வாசிக்கப் போகிறவர் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு வாசிப்பைப் பற்றிப் பேசினால் ஆபத்து எனக்குத்தான். அதனால் கருவியைச் செய்கிறவர்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். நான் தச்சன் மகன். பட்டறைப் பக்கம் நின்று பேசினால் கொஞ்சம் தைரியம் வரும்.

பார்சிலோனா நகரத்தின் இசை அருங்காட்சியகத்தில் ஒரு கிட்டார் இருக்கிறது. 1862ல் செய்தது. முதுகு அட்டை. இடுப்பை வளைத்து வரும் பக்கங்களும் அட்டை. தந்திகளுக்குக் கீழே இருக்கும் மேல்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம். செய்தவர் அந்தோனியோ தெ தோர்ரெஸ். நாம் இன்று கிட்டார் என்று சொன்னதும் மனதில் வரும் உருவம் இருக்கிறதே, அந்த அகலம், அந்த இடுப்பு, அந்தத் தந்தி நீளம், எல்லாம் பெரும்பாலும் அவர் கையில் நிலைப்பட்டதுதான். அப்படிப்பட்டவர் எதற்கு அட்டையில் செய்தார்? மரம் வாங்கக் காசில்லாமலா? அவருக்குக் காசுத் தட்டுப்பாடு வாழ்நாள் முழுக்க இருந்தது உண்மை. ஆனால் இது அதனால் அல்ல. குரல் மேல்பலகையில் இருக்கிறது, மற்றதை அட்டையில் செய்தாலும் கிட்டார் பாடும் என்று காட்டுவதற்காகவே செய்தார். இப்போது அது வாசிக்கும் நிலையில் இல்லை. வாதம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் சினிமாப் பாட்டில் கேட்கும் கிட்டாரில் பெரும்பாலானவை இரும்புத் தந்திக் கிட்டார், இல்லாவிட்டால் மின்சாரக் கிட்டார். நான் சொல்வது வேறு ஜாதி. நைலான் தந்தி, விரல் நகத்தால் மீட்டுவது, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டியது. எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. அந்த இழுப்பைத் தாங்கும் மேல்பலகையின் தடிமன் 2 மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் இந்த மூன்றுக்கும் இடையில் நடக்கிற சண்டைதான்.

தந்தி தனியாக அதிர்ந்தால் காற்று அசையாது. குச்சியை வீசினால் காற்று வருமா? விசிறியை வீச வேண்டும். தந்தி குச்சி, மேல்பலகை விசிறி. விசிறி கனமாக இருந்தால் குச்சியால் அதை ஆட்ட முடியாது. கனமாகச் செய்த கிட்டார் நூறு வருடம் நிற்கும், வாய் மட்டும் திறக்காது. இழைத்து இழைத்து மெலிதாக்கினால் வாய் திறக்கும். ஆனால் நாற்பது கிலோ ராத்திரி பகலாக இழுக்கிறதல்லவா, கொஞ்ச நாளில் தந்திகளின் அடிமுனையைக் கட்டும் பாலத்துக்குப் பின்னால் வயிறு உப்பி, முன்னால் குழி விழுந்து, ஒருநாள் விரிசல் விடும். நல்ல கைவினைஞர் அந்த விளிம்பு வரை போய்விட்டு அங்கே உளியைக் கீழே வைக்கிறார்.

என் அப்பா மேட்டுப்பாளையத்தில் கட்டில், பீரோ, கதவு நிலை செய்தவர். கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பா அதை மடியில் வைத்து நடுவிரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். "பிளைவுட்டுடா. டீத்தூள் பெட்டிப் பலகை" என்றார். எனக்கு மகா கோபம். நீலகிரியிலிருந்து தேயிலை இறங்கி வந்த அந்தப் பெட்டிகளை அவர் எத்தனையோ பிரித்து வேறு சாமான் செய்திருக்கிறார், அவர் காது தப்பாகச் சொல்லாது என்று ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

இருபது வருடம் கழித்து ஸ்பெயினில் கிரனாடா நகரத்துக்குப் போனேன். அல்ஹம்ப்ரா கோட்டைக்கு ஏறுகிற தெருவின் பெயர் குவெஸ்தா தெ கோமெரெஸ். செங்குத்தான ஏற்றம். சுற்றுலாப் பயணிகள் மூச்சு வாங்க நிற்கும் அந்தத் தெருவில்தான் கிட்டார் பட்டறைகள் தலைமுறைகளாக இருந்து வருகின்றன. அங்கே ஒருவரிடம் கிட்டார் சொல்லி வைத்திருந்தேன். விளம்பரம் பிடிக்காத மனிதர், பெயர் வேண்டாம். என் கருவி அப்போது இன்னும் பலகையாகத்தான் இருந்தது. அது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

மேல்பலகைக்கு மரத்தை அறுப்பதே தனிக் கணக்கு. நடுவிலிருந்து பிளந்த ஆப்பு போன்ற துண்டை இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டுகிறார்கள். வலப்பக்கத்து ரேகை இடப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக விழும். அழகுக்கு மட்டுமல்ல, இரண்டு பாதியும் ஒரே மரத்தின் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதால் இரண்டுக்கும் ஒரே குணம் இருக்கும். குளிர்ப் பிரதேச மலையில் மெதுவாக வளர்ந்த மரம். ரேகைகள் நெருக்கமாக, நேராக, கோலத்துக்கு இழுத்த கோடுபோல் இருக்கும். ரேகையோடு வளைத்தால் விறைப்பு, ரேகைக்குக் குறுக்கே வளைத்தால் அப்பளம். நீளவாக்கில் உள்ள விறைப்பு குறுக்குவாக்கில் உள்ளதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்.

அவர் அந்தப் பலகையை மேசையில் போட்டு இழைப்புளி ஓட்டினார். சுருள் சுருளாக விழுந்தது. பத்துத் தள்ளு தள்ளியதும் நிறுத்தினார். பலகையை எடுத்து இரு கைகளாலும் குறுக்கே மெல்ல வளைத்தார். பிறகு நீளவாக்கில். பிறகு மூலைக்கு மூலை முறுக்கினார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மேல் ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டு, காதருகே கொண்டு போய்க் கணுவால் தட்டினார். எனக்கு "டக்" என்று கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி இழைத்தார். இன்னும் இரண்டு முறை இதே சுற்று. மூன்றாம் முறை தட்டியபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. "டக்" போய், பானையைத் தட்டினால் வருமே, அப்படி ஒரு கூடு கட்டிய ஓசை, கொஞ்ச நேரம் நின்றது. அவர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இழைப்புளியை வைத்துவிட்டுச் சுரண்டுதகட்டை எடுத்து ஓரங்களை மட்டும் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டிய தூள் மாவாகக் குவிந்தது.

சுவரில் முழு அளவு வரைபடம் மாட்டியிருந்தது. தோர்ரெஸ் செய்த ஒரு கிட்டாரின் படம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கோடு. நான் அதைக் காட்டி, "இதைப் பார்த்துச் செய்ய மாட்டீர்களா?" என்று கேட்டேன். என்னை அழைத்துப் போன நண்பர் மொழிபெயர்த்துச் சொன்ன பதில் இது: அந்தப் பலகை இது இல்லையே. கடைசியில் அளவுமானியை வைத்துப் பார்த்தார். நடுவில் 2.3, ஓரத்தில் 2.0. அதைப் பென்சிலால் பலகையின் உட்புறம் குறித்துக்கொண்டார். எங்கே நிறுத்துவது என்று அந்த எண் அவருக்குச் சொல்லவில்லை. நிறுத்திய பிறகுதான் எண்ணே பிறந்தது.

தோர்ரெஸையும் இதைத்தான் கேட்டார்கள். அவர் கடைசிக் காலத்தில் அவரோடு பழகிய ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் என்ற பாதிரியார் வெகுகாலம் கழித்து, 1931ல், ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். உங்கள் ரகசியத்தை உலகத்துக்கு விட்டுப் போகக்கூடாதா என்று கேட்டதற்கு, அது என்னோடு கல்லறைக்குத்தான் வரும் என்றாராம் தோர்ரெஸ். கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் பலகையைத் தொட்டு மூளைக்குச் சொல்லும் சேதி அது, எப்படி எழுதி வைப்பது என்று கேட்டாராம். ரகசியத்தை மறைக்கிறார் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

அவர் கதை சுருக்கமாக. 1817ல் தெற்கு ஸ்பெயினில் அல்மெரியா ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தச்சு வேலைக்குச் சேர்த்தார்கள். பதினெட்டு முடியும் முன்னே கல்யாணம். உள்நாட்டுப் போருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம், அதிலிருந்து தப்பத்தான். கடன், குழந்தைகளின் சாவு, காசநோயில் மனைவியின் சாவு எல்லாம் முப்பது வயதுக்குள். பிறகு செவில் நகரத்துக்குப் போய்க் கிட்டார் செய்யத் தொடங்கினார். 1858ல் அங்கு நடந்த பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். பதக்கத்தால் அடுப்பு எரியவில்லை போலிருக்கிறது. 1870 வாக்கில் ஊருக்கே திரும்பி, பீங்கான் கண்ணாடிச் சாமான் கடை வைத்தார். ஐந்து வருடம் கழித்துக் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மறுபடி கிட்டார். அதற்குப் பின் செய்த கருவிகளின் சீட்டில் "இரண்டாம் பருவம்" என்றே அச்சடித்து ஒட்டினார். 1892ல் இறக்கும் வரை செய்துகொண்டிருந்தார்.

1869ல் பதினேழு வயதுப் பையன் ஒருவன் செவிலில் அவர் பட்டறைக்கு வந்தான். பிரான்சிஸ்கோ தார்ரெகா. பின்னாளில் கிட்டாருக்கே இலக்கணம் மாற்றிய மேதை. முதலில் தோர்ரெஸ் சாதாரணக் கருவி ஒன்றைக் காட்டினார். பையன் வாசித்ததைக் கேட்டுவிட்டு உள்ளே போய், 1864ல் செய்து தனக்கென்று வைத்திருந்த கிட்டாரை எடுத்து வந்து கொடுத்தார் என்று சொல்வார்கள். கடைக்காரர் உள்ளே எழுந்து போகும் அந்தக் காட்சியை நம் ஊர் ஜவுளிக்கடையில் பார்க்காதவர் உண்டா?

தோர்ரெஸ் செய்த பெரிய காரியம் மேல்பலகைக்கு அடியில் இருக்கிறது. ஓசைத் துளை வழியாகக் கைக்கண்ணாடியை விட்டுப் பார்த்தால் தெரியும். பென்சிலைவிட ஒல்லியான ஏழு மரச் சட்டங்கள், விசிறி மட்டைபோல விரிந்து ஒட்டியிருக்கும். மெலிந்த பலகைக்கு எலும்பு அவைதான். இந்த விசிறி அவர் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. அவருக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, காதிஸ், செவில் பட்டறைகளில் விசிறிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். இவர் உடம்பைப் பெரிதாக்கி, பலகையை மெலிதாக்கி, லேசாகக் குவித்து, அதற்கேற்றபடி விசிறிக்கு ஓர் ஒழுங்கு கொண்டு வந்தார். குவிப்பது எப்படி? பட்டறையில் ஒரு தடித்த பலகை வைத்திருப்பார்கள். அதன் நடுவே தாம்பாளம் போல ஆழமில்லாத ஒரு குழிவு. கிட்டாரை அதன்மேல் குப்புறப் போட்டுத்தான் கட்டுவார்கள். மேல்பலகை அடியில், அதன்மேல் கழுத்து, பக்கங்கள், கடைசியில் முதுகு. வீட்டைக் கூரையிலிருந்து கட்டுவது போல.

பக்கங்களை வளைப்பது பார்க்க மந்திரம்போல் இருக்கும், உண்மையில் பழக்கம்தான். 2 மில்லிமீட்டர் பட்டையை நனைத்து, உள்ளே சூடேற்றிய இரும்புக் குழாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு கணத்தில் மரம் இளகிக்கொடுக்கும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் கருகும், முந்தினால் முறியும்.

சரி, அட்டையே போதுமென்றால் ஈட்டி மரத்துக்கு ஏன் இத்தனை மவுசு? இங்கே நம் கதையும் சேர்கிறது. உலகத்தின் உயர்ந்த கிட்டார்களில் பெரும்பங்குக்கு முதுகும் பக்கமும் இரண்டே மரங்கள். ஒன்று பிரேசில் காடுகளின் ரோஸ்வுட். அதைத் தீர்த்துவிட்டார்கள். 1992 முதல் அதன் வணிகம் உலக ஒப்பந்தத்தால் ஏறக்குறைய அடியோடு நின்றது. இன்னொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் நூக்க மரம் என்றும் சொல்கிறோமே, அதுதான். கூடலூர், வயநாட்டுப் பக்கத்து மரம். கிரனாடாவிலும் மாட்ரிடிலும் பலகை அடுக்கில் "இந்தியா" என்று சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பது இதைத்தான். நம் ஊரில் 1994ல் ஈட்டியைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. சொந்தத் தோட்டத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் கோடாலி வைக்கக்கூடாது என்றது அது. 2017ல் ஈட்டி இனம் முழுவதையும் சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தார்கள். கிட்டாரோடு விமானம் ஏறுகிறவர்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைந்தது. 2019ன் கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

என் கிட்டாரை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. திருப்பி முதுகைப் பார்த்தார். ஓசைத் துளையில் மூக்கை வைத்து மோந்தார். "ஈட்டிடா இது. நம்ம மலைச் சரக்கு" என்றார். இழைக்கும்போது ரோஜா வாசம் வரும் என்று தேடித் தேடி வாங்கிக் கட்டில் செய்த மனிதர், கடைசிப் பதினைந்து வருடம் ஈட்டியையே தொடாதவர். கிடைக்கவில்லை. கிரனாடாவுக்குப் போன மரம் மேட்டுப்பாளையத்துக்கு வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. கிட்டாரைத் திருப்பி வைத்து மேல்பலகையைக் கணுவால் தட்டினார். சட்டென்று உள்ளங்கையை வைத்து அமர்த்தினார். "இவ்வளவு இழைச்சிருக்கானே! யாருடா அது? கை ரொம்பத் துணிஞ்ச கை" என்றார். நாற்பது வருடம் கட்டில் செய்தவருக்குக் கால் அங்குலத்துக்குக் கீழே பலகை என்றால் அது சிராய் கணக்கு.

முதுகு மரத்தால் குரல் மாறுமா என்பதில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. மாறும், கொஞ்சம் மாறும், ஆனால் அந்த மரத்துக்குக் கொடுக்கும் விலை அளவுக்கு மாறாது. அந்தப் பணத்தில் பாதி கண்ணுக்கு, கால்வாசி பெருமைக்கு. சைப்ரஸ், மேப்பிள் என்று வேறு மரங்களில் தோர்ரெஸே அருமையான கருவிகள் செய்திருக்கிறார். கழுத்துக்கு வைக்கும் மரத்தை ஸ்பானிஷ் சிடார் என்பார்கள். அது சிடாரும் இல்லை, ஸ்பெயினில் விளைவதும் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம், நம் வேம்பின் குடும்பம். விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி. விரல்பட்டு விரல்பட்டுத் தேயாமல் இருக்க அதை விட்டால் நாதியில்லை.

அந்தக் கருங்காலியில் ஃபிரெட், அதாவது மெட்டு, பதிக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், வீணைக்காரர்கள் சிலரை இங்கே பார்க்கிறேன். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறோம். சுருதி பிசகினால் இளக்கிச் சரிசெய்யலாம். கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. ரம்பத்தால் பள்ளம் அறுத்தாயிற்று என்றால் அறுத்ததுதான். தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் 36.48. தந்தியின் தலைமுனையிலிருந்து அத்தனை மில்லிமீட்டரில் முதல் ஃபிரெட். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகு. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 325ல் விழும். பழைய ஆட்கள் 18ஆல் வகுத்தார்கள். விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய், லூட் வாத்தியக்காரர், 1581ல் எழுதிய நூலில் அந்த விதியைச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சுலபம். ஆனால் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு வரும்போது கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் பின்தங்கி நிற்கும்.

இப்போது என் முட்டாள்தனம் ஒன்று. ஒரு மே மாதம் மத்தியானம் கிட்டாரைக் காருக்குள் வைத்துவிட்டு ஒரு கல்யாணத்தில் சாப்பிடப் போனேன். பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் பாலம் பெயர்ந்து தந்திகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. பாலம் என்பது ஒரு சின்ன மரத்துண்டுதான். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். ஆணி கிடையாது, திருகு கிடையாது. நாற்பது கிலோ இழுப்பு முழுவதையும் வெறும் பசை தாங்குகிறது. நகரத்தில் ஒரு கடையில் காட்டினேன். திருகு போட்டு முடுக்கிவிடலாம், ஸ்ட்ராங்காக நிற்கும் என்றார்கள். தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அப்பாதான் ஒட்டினார். பாலத்தின் அடியைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "வஜ்ஜிரம்டா" என்றார், சொந்தக்காரனைக் கண்டமாதிரி. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. ஃபெவிக்கால் வந்தபிறகு நம் பட்டறைகளிலிருந்து போய்விட்டது, நல்ல கிட்டார் பட்டறைகள் சிலவற்றில் இன்றும் கொதிக்காமல் சூடாகிக்கொண்டிருக்கிறது. கொதித்தால் கெட்டுவிடும், அதனால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் கரைப்பது. அதன் பெரிய குணம், சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் என் பாலம் பெயர்ந்தது. அதனால்தான் மேல்பலகை கிழியாமலும் தப்பியது. பிடிவாதமான பசையாக இருந்திருந்தால் பாலம் போகும்போது பலகையின் நாரையும் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். அப்பா வெந்நீர்த் துணியால் பழைய பசையைத் துடைத்தெடுத்து, பரணிலிருந்து தகரடப்பாவை இறக்கி, வஜ்ஜிரம் கரைத்து, சூடு ஆறுவதற்குள் ஒட்டி, தன் பழைய கிளாம்புகளைப் போட்டு, "ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வராதே" என்று என்னை விரட்டிவிட்டார். பதினோரு வருடம் ஆயிற்று. நிற்கிறது.

மேல்பூச்சும் நம்மிடமிருந்து போவதுதான். அரக்கு. ஜார்க்கண்டுக் காடுகளில் பூச்சி மரக்கிளையில் கட்டும் அரக்கை உருக்கித் தகடாக்கி ஏற்றுமதி செய்கிறோம். அதைச் சாராயத்தில் கரைத்து, துணிக்குள் கம்பளியை வைத்துக் கட்டிய பொட்டலத்தால், வட்டம் வட்டமாக, நாள்கணக்கில் தேய்க்கிறார்கள். தூரிகையால் அடித்தால் ஒரு மணி நேரம். ஆனால் பூச்சு தடித்தால் விசிறிக்கு மேல் போர்வை போர்த்திய கதை. மணிக்கட்டின் வேர்வை பட்டாலே வெளுத்துப்போகும் நொய்ந்த பூச்சு அது, ஆனாலும் மேல்பலகைக்கு அதையே பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். கிட்டார் கலைஞர் ஆந்த்ரெஸ் செகோவியா இளைஞராக மாட்ரிடில் கச்சேரி செய்ய வந்தபோது மானுவெல் ராமிரெஸின் கிட்டார் கடைக்குப் போய், பியானோவை வாடகைக்கு எடுப்பதுபோல் ஒரு கிட்டாரை வாடகைக்குக் கேட்டார். ராமிரெஸ் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 1912ல் செய்த கிட்டார் ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டார். செகோவியாவே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பது. அழகான கதை. ஆனால் அந்தக் கிட்டாரைச் செய்த கை ராமிரெஸின் கை இல்லை, அந்தப் பட்டறையில் வேலை பார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸின் கை என்று சொல்வார்கள். உள்ளே ஒட்டிய சீட்டில் முதலாளி பெயர். தச்சன் வீட்டில் பிறந்தவனுக்கு இந்தச் சீட்டு விஷயம் சாதாரணமாகக் கடந்து போகாது. சாந்தோஸ் பிற்பாடு தனிக்கடை போட்டுத் தன் பெயரில் செய்தார் என்பது ஓர் ஆறுதல்.

அந்தக் கிட்டாரைத்தான் 1924ல் மியூனிக்கில் ஹெர்மன் ஹவுசர் என்ற ஜெர்மானியக் கைவினைஞர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஏற்கெனவே கைதேர்ந்தவர். இருந்தும் பார்த்ததை மறுபடி செய்து பார்த்துக்கொண்டே இருந்தார். 1937ல், அதாவது பதின்மூன்று வருடம் கழித்து, செகோவியா கையில் ஒரு கருவியைக் கொடுத்தார். நம் காலத்தின் மிகப் பெரிய கிட்டார் இதுதான் என்று செகோவியா கொண்டாடி, 1962 வரை அதையே வாசித்தார். இரண்டும் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் வாழ்க்கையின் நடுவில் தந்தியும் மாறிற்று. அதுவரை ஆட்டுக்குடல் நரம்பு. இரண்டாம் உலகப் போரில் அது அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, ஆல்பர்ட் அகஸ்டின் என்ற நியூயார்க் கைவினைஞர் நைலானைப் பிடித்துக்கொண்டார்.

ரொமானில்யோஸைச் சொல்லாமல் விட்டால் குறை. மாட்ரிடில் பிறந்து, 1956ல் இங்கிலாந்துக்குப் போய், மரச்சாமான் வேலை செய்துகொண்டே கிட்டார் செய்யத் தானாகப் பழகியவர். கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீம் தன் வீட்டு வளாகத்திலேயே அவருக்குப் பட்டறைக்கு இடம் கொடுத்தார். 1973ல் அவர் பிரீமுக்குச் செய்த கிட்டாரை இசைத்தட்டுகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். தோர்ரெஸ் வாழ்க்கையைப் பதிவேடு பதிவேடாகத் தேடி 1987ல் புத்தகம் போட்டவரும் அவரே. நான் இங்கே தோர்ரெஸ் பற்றிச் சொன்னதில் பாதிக்கு மேல் அவர் தேடிக் கொடுத்தது. இழைப்புளி பிடித்த கை எழுதிய புத்தகம் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

கேள்வி நேரத்தில் யாராவது கேட்பீர்கள், முந்திக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் கிரெக் ஸ்மால்மன் என்பவர் விசிறியை விட்டுவிட்டார். பால்சா மரமும் கார்பன் இழையும் சேர்த்துச் சல்லடைபோல் பின்னிய சட்டம், அதன்மேல் காகிதம்போல் மேல்பலகை, முதுகோ கனமான மரம். கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் பல வருடம் அதைத்தான் வாசித்தார். பெரிய அரங்கில் சத்தம் கடைசி வரிசை வரை போகிறது, சந்தேகமே இல்லை. எனக்கு அந்தக் குரல் கொஞ்சம் பாஞ்சோ பக்கம் சாய்வதாகப் படுகிறது. வயதாகிவிட்டது என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். ஆனால் ஒன்று பாருங்கள், ஸ்மால்மனும் கை வைத்தது மேல்பலகையில்தான்.

நான் பேசிய இந்த ஒரு மணி நேரமும், இன்று வாசிக்கப் போகும் நண்பரின் கிட்டார் இந்த ஏசியில் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. வெளியே மழை ஈரம், உள்ளே இந்த வறட்சி. மேல்பலகை இந்நேரம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், அவர் வரும் வழியில் சேர்த்த சுருதி போயிருக்கும், மூன்றாம் தந்தி நிச்சயமாக. அவர் சேர்த்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் யாரும் கைதட்ட வேண்டாம், செல்போனை அணைத்துவிடுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் முடிந்தால் அந்த மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.